நாலு நாட்டு மச்சும் கேசினியின் விசிலும்

ஓகஸ்ட் பதினாறாம் திகதி, சனிக்கிழமை பின்னேரம் நாலரை மணிக்கு, இத்தாலியின் பலெர்மோவில், வியா மக்வேதாத் தெருவில் மூன்று வாடகை வீடுகளைத் துடைத்து, பதினொரு கட்டில்களுக்கு விரிப்பு மாற்றி, குப்பைப் பைகளையும் கீழே இறக்கி வைத்துவிட்டு, கேசினி ஓடத் தொடங்கினாள். நடந்தே போயிருக்கலாம், பத்து நிமிடத் தூரம்தான். ஆனால் ஐந்து பத்துக்கு மச் தொடங்கிவிடும். அதற்கு முன்னர் ஸ்ரனிஸ்லாஸ் அண்ணையோடு சண்டை பிடித்து ரீவியைக் கைப்பற்ற வேண்டும். அதற்கு அரை மணித்தியாலமாவது வேண்டும் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள்.

ஸ்ரனிஸ்லாஸின் கடை அல்பெர்கேரியாப் பகுதியில், பல்லரோ சந்தைக்குப் பின்பக்கத்து ஒழுங்கையில் இருந்தது. முன்னுக்கு ரோல்ஸும் வடையும் கோப்பியும், பின்னுக்கு நாலு மேசை, சுவரில் பெரிய ரீவி. காசு கட்டிப் பார்க்கிற விளையாட்டுச் சனல் எல்லாம் அங்கே வரும். அன்றைக்கு அதில் இங்கிலாந்து உதைபந்தாட்டம் ஓடிக்கொண்டிருந்தது. ஆறேழு பேர் வாய் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணை, தென்னாபிரிக்காவும் அவுஸ்ரேலியாவும் விளையாடப் போகினம். மாத்துங்கோ."

"கிரிக்கெட்டோ?"

"இல்லை, றக்பி."

"ஐயோ தங்கச்சி, நேத்துத்தான் மாதா பெருநாள், இண்டைக்குச் சனிக்கிழமை. சனத்தைக் கலைக்கப் போறியோ?"

"பத்து நிமிசம் பாருங்கோ. பிடிக்கேல்லையெண்டா நான் மூச்சுக் காட்டமாட்டன்."

கேசினிக்கு முப்பத்துமூன்று வயது. முல்லைத்தீவுப் பக்கம் பிறந்து, சண்டை முடிந்தபிறகு குடும்பத்தோடு வவுனியாவுக்கு வந்தவள். பள்ளிக்கூடத்தில் இருநூறு மீற்றர் ஓட்டத்தில் அவளை ஒருத்தரும் பிடிக்கமுடியாது. மாவட்டத்துக்குப் பெண்கள் றக்பி அணி ஒன்று சேர்க்க வேண்டுமென்று விளையாட்டு அதிகாரி ஒருவர் வேகமாக ஓடுகிற பிள்ளைகளைத் தேடி வந்தபோது, அந்த விளையாட்டு எப்படியிருக்கும் என்று தெரியாமலே கையை உயர்த்தினாள். "பொம்பிளைப் பிள்ளையள் கட்டிப்பிடிச்சு உருளுறதோ?" என்று தாய் கத்தினாள். கேசினி இரண்டு வருடம் உருண்டாள். கரைப்பக்கத்தில் பந்தைக் காவிக்கொண்டு ஓடுவதுதான் அவளுடைய இடம். பிறகு கலியாணம் பேசி வந்தது. மாப்பிள்ளை கஜானன் பலெர்மோவில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. வந்து பத்து வருடமாயிற்று. சமையலறை, துடைப்பம், பெர்மெஸோ என்கிற வதிவிட அனுமதி புதுப்பிக்கிற வரிசை என்று காலம் ஓடியது. றக்பி என்ற சொல்லை வாயெடுத்துச் சொல்ல ஆளில்லை.

இரண்டு வருடத்துக்கு முந்தி, துடைக்கப் போன வீடொன்றில் யாரோ ரீவியை நிறுத்தாமல் போயிருந்தார்கள். திரையில் நியூசிலாந்துக்காரர் கறுப்பு உடுப்போடு வரிசையில் நின்று தொடையில் அடித்து ஆடிக்கொண்டிருந்தார்கள். கேசினி துடைப்பத்தைப் பிடித்தபடி முழு மச்சும் நின்று பார்த்தாள். பூமியின் தென்பாதியில் நியூசிலாந்து, அவுஸ்ரேலியா, தென்னாபிரிக்கா, ஆர்ஜென்ரீனா என்று நாலு நாடுகள் வருடா வருடம் தங்களுக்குள் நடத்துகிற போட்டி அது என்று பிறகுதான் தெரிந்தது. ஓகஸ்ட் நடுவில் தொடங்கினால் ஒக்ரோபர் தொடக்கத்தில் முடியும். ஒவ்வொரு அணிக்கும் ஆறு மச். அன்றிலிருந்து அந்தக் கிழமைகளில் கேசினிக்குச் சனிக்கிழமை என்றால் றக்பிதான்.

ஸ்ரனிஸ்லாஸ் மனமிரங்கிச் சனலை மாற்றினார். உதைபந்து பார்த்தவர்களில் பாதிப்பேர் எழும்பிப் போனார்கள். மற்றவர்கள் ரோல்ஸ் முடியவில்லையென்று இருந்தார்கள். அவர்களுக்குள் விமலராணி அக்காவும் ஒருத்தி. ஒரு இத்தாலிய அம்மாவின் வீட்டில் சமையல் செய்கிறவள். மெல்பேணில் அவளுக்கு ஒரு தம்பி.

"பிள்ளை, இதில அவுஸ்ரேலியா எது?"

"மஞ்சள், அக்கா."

"அப்ப நாங்கள் மஞ்சள்."

மஞ்சளுக்கு அன்றைக்கு நேரம் சரியில்லை. ஜொஹனஸ்பேர்க்கில், அறுபதாயிரம் பேர் கத்துகிற மைதானத்தில், பச்சை உடுப்புத் தென்னாபிரிக்கர் வந்த வேகத்தில் கோட்டைத் தாண்டிப் பந்தை நிலத்தில் வைத்தார்கள். திரும்பவும் வைத்தார்கள். மூன்றாம் தரமும் வைத்தார்கள். தண்ட உதை ஒன்றும் சேர, இருபது நிமிடம் ஆகமுன்னர் இருபத்திரண்டுக்குப் பூச்சியம்.

"முடிஞ்சுது," என்று ஸ்ரனிஸ்லாஸ் ரிமோட்டைத் தேடினார். மேசையில் இல்லை. கல்லாப் பெட்டிக்குப் பக்கத்திலும் இல்லை. "எங்கையடி வைச்சனான்?"

கேசினி அதன்மேல்தான் இருந்தாள். அசையவில்லை.

"அண்ணை, இன்னும் ஒரு மணித்தியாலம் கிடக்கு. இந்த விளையாட்டில ஒருக்கா வைச்சா அஞ்சு புள்ளி, பிறகு கம்பத்துக்கு மேலால உதைச்சா இன்னும் ரெண்டு. நாலுதரம் வைச்சா ஆள் முன்னுக்கு. பாருங்கோ, அவங்கள் களைக்கத் தொடங்கீட்டாங்கள்."

"ஆர் களைச்சது? எனக்கெண்டா ஒண்டும் தெரியேல்லை."

அவளுக்குத் தெரிந்தது. பச்சை உடுப்புக்காரர் விழுந்தால் எழும்ப ஒரு நொடி பிந்தினார்கள். இடைவேளைக்கு முன்னர் மஞ்சள் ஒன்றை வைத்தது. இருபத்திரண்டுக்கு ஐந்து. இடைவேளை முடிந்து வந்த கையோடு அவுஸ்ரேலியாவின் எட்டாம் இலக்கக்காரன் நாலைந்து பேரை இழுத்துக்கொண்டு கோட்டில் விழுந்தான். கொஞ்சத்தில் தென்னாபிரிக்காவின் பந்து ஒன்று கைமாறும்போது, மஞ்சளின் பதின்மூன்றாம் இலக்கக்காரன் நடுவுக்குள் பாய்ந்து அதைப் பிடுங்கிக்கொண்டு, பின்னால் வந்த ஒருத்தரையும் அண்டவிடாமல் ஓடினான்.

"ஓடு! ஓடு! ஓடடா!" கேசினி கதிரையை விட்டு எழும்பிவிட்டாள். ரிமோட் கீழே விழுந்தது. ஒருத்தரும் அதைக் கவனிக்கவில்லை. ஸ்ரனிஸ்லாஸ் வடை போடுகிற அகப்பையோடு வந்து ரீவிக்கு முன்னால் நின்றார். எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது.

விமலராணி அக்கா போனை எடுத்தாள். "தம்பிக்கு அடிக்கப் போறன்."

"அக்கா, அங்கை இப்ப விடிய ரெண்டு மணி."

"அவன்ரை நாடு வெல்லுது, அவன் நித்திரை கொள்ளுறானோ? எழும்பட்டும்!"

மஞ்சள் சமன் செய்தது, முந்தியது, பிறகும் நிற்கவில்லை. ஒழுங்கையில் போன ஆட்கள் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார்கள். எட்டிப் பார்த்தவர்கள் உள்ளே வந்தார்கள். இதற்குள் கேசினி ஆட்டத்தைப் பார்த்ததை விட நடுவர் வேலை பார்த்ததே கூட. மடக்கி விழுத்தப்பட்டவன் பந்தை உடனே விடவேண்டும் என்பது சட்டம். "விடு! பந்தை விடு!" என்று அவள் கத்தினாள். அடுத்த நொடி நடுவரின் விசில் ஊதியது. கையிலிருந்து பந்து முன்னுக்குப் போவதும் பிழை. "முன்னுக்கு எறிஞ்சிட்டான்!" என்றாள். விசில். ஒருமுறை அவள் ஒன்றும் சொல்லாமல் வலது கையை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றாள். திரையில் நடுவரும் அதே கையை நீட்டிக்கொண்டு நின்றார். பிழை நடந்திருக்கிறது, ஆனால் பந்து மற்ற அணிக்கு இலாபமாகப் போகிறதா என்று பார்க்கிறேன் என்பதற்கு அடையாளம் அது.

கடைசி விசில் ஊதியபோது முப்பத்தெட்டுக்கு இருபத்திரண்டு. அந்த மைதானத்தில் அவுஸ்ரேலியா அறுபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு வென்றிருக்கிறது என்று வர்ணனையாளர் தொண்டை கிழியச் சொன்னார். ஸ்ரனிஸ்லாஸ் எல்லாருக்கும் கோப்பி ஊற்றினார். கருகிப் போன வடையை ஒருத்தரும் குறை சொல்லவில்லை.

வாசலில் ஒரு வெள்ளைக்காரப் பெண் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்து ஒழுங்கை மருந்துக்கடையில் வேலை செய்கிறவள், பெயர் அகஸ்ரீனா. சனிக்கிழமைகளில் ரோல்ஸ் வாங்க வருவாள். இன்றைக்கு ரோல்ஸ் பையைக் கையில் பிடித்தபடி முக்கால் மணித்தியாலமாக அதே இடத்தில் நின்றிருக்கிறாள்.

"சின்யோரா, நீங்கள் எங்கே நடுவராக இருக்கிறீர்கள்?" என்று இத்தாலிய மொழியில் கேட்டாள்.

கேசினிக்கு விளங்கவில்லை. "நானோ? நான் வீடு துடைக்கிறேன்."

"இல்லை. றக்பியில். ரீவியில் இருக்கிறவருக்கு முன்னரே நீங்கள் தீர்ப்புச் சொன்னீர்கள். நான் எண்ணிக்கொண்டு நின்றேன். பதினாலு. அதில் பன்னிரண்டு சரி."

அகஸ்ரீனா பன்னிரண்டு வருடமாக விசில் ஊதுகிறவள். பலெர்மோவில் பிள்ளைகளின் மச்சுக்கு நடுவர்களைத் தேடிக் கொடுக்கிற பொறுப்பும் அவளுடையது. நடுவர்கள் போதாது, மச்சுகள் தள்ளிப்போகின்றன, செப்டெம்பரில் ஒரு வகுப்புத் தொடங்குகிறது என்று மளமளவென்று சொன்னாள். கேசினியின் கையில் தன் போன் இலக்கத்தை எழுதிவிட்டுப் போனாள்.

வீட்டில் கஜானன் நம்பவில்லை. "உந்தப் பண்டி பிடிக்கிற விளையாட்டுக்கு நீர் றெவ்ரியோ? அதுவும் இத்தாலியன் பெடியளுக்கோ?"

"ஏன், எனக்கு ஏலாதோ?"

"ஏலும். உம்மடை சத்தத்துக்கு விசிலும் தேவையில்லை," என்று சிரித்தான். ஆனால் அடுத்த நாள் வேலையால் வரும்போது ஒரு கொப்பியும் இரண்டு பேனையும் வாங்கிக்கொண்டு வந்தான்.

வகுப்பில் பதினொரு பேர். மற்றப் பத்துப்பேரும் அந்த ஊர்ப் பிள்ளைகள், முக்கால்வாசி மாணவர்கள். விடியற்காலை போரோ இத்தாலிக்கோ கடற்கரையில் கேசினி ஓடினாள், ஏழரைக்கு வேலைக்குப் போனாள், பின்னேரம் வகுப்பு. ஓட்டப் பரீட்சையில் அவளுக்கு முன்னால் இரண்டே இரண்டு பேர்தான் முடித்தார்கள். சட்டமும் தெரியும். கஷ்டம் மொழியில்தான். சமையலறைச் சுவரில் கஜானன் தாள்கள் ஒட்டினான். "மிஸ்கியா எண்டா?" என்று வெங்காயம் வெட்டிக்கொண்டு கேட்பான். "ரெண்டு பக்கமும் தலையைக் கோத்துத் தள்ளுறது." "பிளக்காஜோ?" "மடக்கி விழுத்துறது." ஒருநாள் அவனே குசினி நிலத்தில் குந்தி, "இப்ப நான் விழுந்து கிடக்கிறன், பந்து என்ரை கையில. நீர் என்ன செய்வீர்?" என்று கேட்டான். அவள் கரண்டியால் தலையில் தட்டி, "பந்தை விடு!" என்றாள்.

அந்தக் கிழமைகளில் ஸ்ரனிஸ்லாஸின் கடைக்கு ஒரு புதுப் பழக்கம் வந்துவிட்டது. நியூசிலாந்தில் நடக்கிற மச் பலெர்மோவில் காலை ஒன்பது மணிக்கு. அதற்காகக் கடை நேரத்தோடு திறந்தது. தென்னாபிரிக்கா வெலிங்ரனில் போய் நாற்பத்துமூன்றுக்குப் பத்து என்று நியூசிலாந்தை அடித்த அன்றைக்குக் கேசினிக்கு வேலை. துடைக்கிற வீட்டின் குளியலறையில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, தொட்டியைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். அந்தத் தொட்டியைப்போல் வெள்ளையாய் வேறொன்று அந்தக் கட்டடத்திலேயே இருந்திராது.

எழுத்துப் பரீட்சையில் இரண்டு புள்ளியால் தவறிவிட்டாள்.

தாளைத் திருப்பித் தந்தார்கள். பத்துப்பேரும் பாஸ். வெளியே வந்து ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்துப் பஸ் தரிப்பில் இருந்து, பிழை விட்ட கேள்விகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாவற்றிலும் ஒரே பிழை. 'தெவே' என்று கிடந்த இடமெல்லாம் 'புவோ' என்று விளங்கியிருக்கிறாள். தெவே என்றால் நடுவர் செய்தே ஆகவேண்டும். புவோ என்றால் விரும்பினால் செய்யலாம். அவசரத்தில் இரண்டும் ஒன்றாய்ப் போயிருக்கிறது.

அகஸ்ரீனாவுக்குப் போன் எடுத்தாள். "எனக்குச் சட்டம் தெரியும். இந்த இரண்டு சொல்லும்தான் மாறிப்போச்சு. திரும்ப எழுத விடுவார்களா?"

"ஒரு கிழமையில் இன்னொரு பரீட்சை இருக்கிறது. வருகிறீர்களா?"

"வருவேன்."

அந்தக் கிழமை முழுக்க வீட்டில் அந்த இரண்டு சொல்தான். "தேத்தண்ணி போட தெவேயோ புவோவோ?" என்று கஜானன் கேட்பான். "தெவே. சீனியும் போட தெவே." இரண்டாம் தரம் எழுதியபோது ஒரே ஒரு கேள்விதான் பிழை.

முதல் மச் ஒக்ரோபர் நாலாம் திகதி. பெலிக்ரீனோ மலை தெரிகிற, புல்லை விட மண் கூடிய ஒரு மைதானம். மத்தியானம் ஒரு மணி. பதினாலு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். பலெர்மோ அணி நீலம், கத்தானியாப் பக்கத்துச் சின்ன ஊரிலிருந்து வந்த அணி சிவப்பு. கேசினிக்குக் கொடுத்த சேர்ட் ஒரு அளவு பெரிது, கையை இரண்டு மடிப்பு மடித்திருந்தாள். கரையில் அகஸ்ரீனா குறிப்புப் புத்தகத்தோடு நின்றாள். கஜானன் வேலையில் லீவு கேட்டு, வெளுத்த சேர்ட் போட்டு, கோவில் திருவிழாவுக்கு வந்தவன் மாதிரி நின்றான்.

விசிலை வாயில் வைத்து ஊதினாள். காற்றுத்தான் வந்தது. வாய் அவ்வளவு காய்ந்துபோயிருந்தது. முப்பது பிள்ளைகள் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எச்சிலை விழுங்கி, வயிற்றிலிருந்து ஊதினாள். மலை வரைக்கும் கேட்டிருக்கும்.

அதற்குப் பிறகு பயப்பட நேரமிருக்கவில்லை. பந்து போகிற இடமெல்லாம் கால் போனது. பத்து வருடம் படியேறி இறங்கிய கால், களைக்கவேயில்லை. பிள்ளைகள் அவளுடைய இத்தாலியனை ஒருதரம் கூடத் திருப்பிக் கேட்கவில்லை. கையைப் பார்த்தார்கள், விசிலைக் கேட்டார்கள், அவ்வளவுதான். உடம்புக்குள் ஏதோ பொங்கிக்கொண்டு வந்தது. சிரிக்காமல் இருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினாள்.

முடிய இரண்டு நிமிடம். சிவப்பு பதினாலு, நீலம் பன்னிரண்டு. நீலத்தின் பெரிய பெடியன் ஒருவன் மூன்று பேரை உதறிக்கொண்டு கோட்டைத் தாண்டிப் பாய்ந்தான். பெற்றோர் எல்லாரும் துள்ளிக் குதித்தார்கள். கேசினி இரண்டு மீற்றர் தள்ளி நின்றாள். நிலத்தைத் தொட முன்னர் பந்து அவன் விரலை விட்டு முன்னுக்கு நழுவியதைக் கண்டாள். ஒரு சாண் கூட இல்லை. ஆனால் நழுவியது.

விசில் ஊதினாள். புள்ளி இல்லை. சிவப்புக்குப் பந்து.

கரையில் பெரும் ஆரவாரம். கம்பி வேலியில் ஏறி நின்ற ஒரு மனிதர் எல்லாருக்கும் மேலால் கத்தினார்: "உனக்கென்ன தெரியும்? போய் வீட்டைத் துடை!"

அவருக்கு அவளைத் தெரியாது. வாய்க்கு வந்ததைச் சொன்னார். கஜானன் வேலிப் பக்கம் இரண்டு அடி வைப்பதைக் கேசினி கண்டாள். அவனைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. பிறகு மணிக்கூட்டை நிறுத்தினாள். நீல அணியின் பயிற்சியாளரைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். அவர் ஏற்கெனவே கோபத்தில் சிவந்திருந்தார்.

"அந்த ஆள் வெளியே போகவேண்டும்," என்றாள். "போனால் ஆட்டம் தொடங்கும். போகாவிட்டால் இவ்வளவோடு முடியும்."

"சின்யோரா, அது புள்ளிதானே..."

"நான் கண்டேன். பந்து முன்னுக்குப் போனது. இப்போது அந்த ஆள்." வேலிப் பக்கம் கையை நீட்டினாள்.

பயிற்சியாளர் அவளைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், பெருமூச்சு விட்டு வேலிக்குப் போனார். அந்த மனிதர் கையை விசுக்கி விசுக்கி ஏதோ சொன்னார். மற்றப் பெற்றோர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கடைசியில் வாயிலைத் தாண்டி வெளியே போனார். கேசினி மணிக்கூட்டை ஓடவிட்டாள்.

சிவப்பு பந்தை எடுத்து வெளியே உதைத்தது. முடிந்தது. பதினாலுக்குப் பன்னிரண்டு. இரண்டு அணியும் வரிசையாக வந்து கைகொடுத்தார்கள். அந்தப் பெரிய பெடியன் முகமெல்லாம் மண்ணோடு வந்து, "நழுவினதை நீங்கள் கண்டுவிட்டீர்கள், இல்லையா?" என்று பல்லைக் காட்டினான்.

அகஸ்ரீனா புத்தகத்தை விரித்தாள். "முதல் பாதியில் இரண்டு பிழை. பந்துக்குப் பின்னால் நிற்கவேண்டியவர்கள் முன்னுக்கு வந்ததை நீங்கள் பார்க்கவில்லை. கடைசி விசயம், நான் தூரம், எனக்குத் தெரியவில்லை. நீங்கள் கண்டீர்களா?"

"கண்டேன்."

"அப்படியென்றால் சரி. அடுத்த சனிக்கிழமை பத்து மணி, இதே மைதானம்."

மூன்று மணிக்குத் தரிப்புக்கு வந்தார்கள், பஸ் வர மூன்றேமுக்கால் ஆகிவிட்டது. அதே மூன்று மணிக்குத்தான் அந்த வருடத்துப் போட்டியின் கடைசி மச், தென்னாபிரிக்காவும் ஆர்ஜென்ரீனாவும் லண்டனில். நியூசிலாந்து தன் கடைசி மச்சை மத்தியானமே வென்றுவிட்டது. தென்னாபிரிக்கா வென்றால் கிண்ணம் அவர்களுக்கு, தோற்றால் நியூசிலாந்துக்கு. ஸ்ரனிஸ்லாஸ் அண்ணையிடம் கெஞ்சிச் சனலின் கடவுச்சொல் வாங்கிப் போனில் போட்டிருந்தான் கஜானன். கேசினி முழங்காலில் மண்ணோடு யன்னல் பக்கம், அவன் பக்கத்தில், போன் நடுவில்.

பலெர்மோவின் சனிக்கிழமை நெரிசலில் பஸ் ஊர்ந்தது. வேறு நாளென்றால் கஜானன் சாரதியைத் திட்டியிருப்பான். இன்றைக்கு ஒவ்வொரு சிவப்பு விளக்குக்கும், "நல்லது, நில்லடா நில்," என்றான். இடைவேளைக்கு ஆர்ஜென்ரீனா மூன்று புள்ளியால் முன்னுக்கு. பிறகு தென்னாபிரிக்கா முந்தியது. பின் இருக்கையில் சந்தைப் பையோடு இருந்த கிழவர் எட்டிப் பார்த்து, யார் வெல்கிறார்கள் என்று கேட்டார். அவருடைய மாமன் ஒருவர் புவெனஸ் அயர்ஸுக்குப் போனவராம். அதனால் அவர் ஆர்ஜென்ரீனா.

"ஏன் விசில் ஊதினவன்?" கஜானன் கத்தினான். "அது பிழையே இல்லை!"

"பிழைதான். காலைப் பாருங்கோ, பக்கவாட்டால வந்தவர்."

"நீர் எப்பிடிக் கண்டனீர்? எனக்கொண்டும் தெரியேல்லை."

கடைசி நிமிடத்தில் ஆர்ஜென்ரீனா கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்தது. இருபத்தொன்பதுக்கு இருபத்தேழு. கிழவர் முன் இருக்கையைத் தட்டினார். கஜானன் எழும்பி நின்றுவிட்டான். ஆனால் நேரம் முடிந்துவிட்டது, விசில் ஊதியது, பச்சை உடுப்புக்காரர் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். பஸ்ஸுக்குள் மூன்று பேரும் இரண்டு மொழியில் கத்தினார்கள்.

ஏறும்போது அவர்கள் சொன்ன தரிப்பு ஞாபகம் வந்து சாரதி கண்ணாடியில் பார்த்தார். "சின்யோரா, நீங்கள் இறங்கவேண்டிய இடம் போய்விட்டதே!"

இரண்டு தரிப்புத் தாண்டியிருந்தது. இறங்கி, வெயிலில் சிரித்துக்கொண்டு திரும்பி நடந்தார்கள். சேர்ட்டின் மடிப்பு ஒன்று அவிழ்ந்து விரல்களை மூடிவிட்டது. கேசினி அதை மடிக்கவில்லை.

"அடுத்த சனியும் லீவு கேக்கப் போறன்," என்றான் கஜானன்.

"கேளுங்கோ. ஆனா வேலிப் பக்கம் மட்டும் போகக்கூடாது. போனீங்களெண்டா உங்களையும் வெளியில அனுப்புவன்."

"தெவேயோ, புவோவோ?"

"தெவே!" என்று அவள் முன்னுக்கு ஓடினாள்.